திக்கும் நாவும் திக்கும் திரையும்

மதுரை மாட்டுத்தாவணியில் இராமநாதபுரம் பேருந்தில் ஏறிய என் பள்ளித் தோழன், இறங்க வேண்டிய ஊர் பரமக்குடியாக இருக்க, நடத்துநர் பக்கத்தில் வந்து நின்றதும் “ராமநாதபுரம் ஒண்ணு” என்று சொல்லி, கூடுதல் காசு கொடுத்துச் சீட்டு வாங்கினான். பரமக்குடியில் நாங்கள் இறங்கியபோது நடத்துநர், “தம்பி, ராம்நாடு இன்னும் வரலப்பா” என்று அக்கறையோடு கூப்பிட்டுச் சொன்னார். என் தோழனுக்கு ஊரும் தெரியும், கட்டணமும் தெரியும். அன்றைக்கு ‘ப’ என்ற எழுத்து வாயிலிருந்து வராது என்பதும், நடத்துநர் இரண்டு இருக்கைக்கு முன்னால் நின்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தபோதே அவனுக்குத் தெரிந்துவிட்டது. ‘ரா’ எளிதாக வரும் என்பதால், முப்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் ஓர் ஊரை அவன் விலை கொடுத்து வாங்கினான்.

இந்தத் தடைக்குத் தமிழில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. திக்குவாய், தெற்றுவாய் என்கிறோம். ஈழத்தில் கொன்னை என்பார்கள். ஆனால் கணினித் திரையில் படம் விட்டு விட்டு நகர்வதற்கு நமக்கென்று நிலைத்த சொல் இன்னும் அமையவில்லை. பழுதுபார்க்கும் கடைக்கு வருகிறவர்கள் “சிக்கிச் சிக்கி ஓடுது”, “லேக் அடிக்குது”, “ஹேங் ஆகுது” என்று மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒன்றுபோலவே சொல்வார்கள். ஆங்கிலத்தில் பேச்சுக்கும் திரைக்கும் ‘ஸ்டட்டர்’ என்ற ஒரே சொல்லையே வைத்திருக்கிறார்கள். வாய்க்கு உரிய சொல்லைத் திரைக்குக் கடன் வாங்கியது வெறும் அலங்காரமா, உள்ளே ஏதேனும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை. பொருத்தம் உண்டு என்பது என் கருத்து: இரண்டிலும் வெளியே வர வேண்டிய சரக்கு இருக்கிறது, வர வேண்டிய நொடிதான் தவறிப்போகிறது. மெதுவாக இருப்பது வேறு, நேரம் தவறுவது வேறு என்பதைப் பிடித்துக்கொண்டால் இரண்டும் எளிதில் விளங்கிவிடும்.

வாயில் நடப்பது

பேச்சுத் திக்கல் மூன்று வடிவங்களில் வருகிறது. ஒலியோ அசையோ திரும்பத் திரும்ப வரலாம்: “ப-ப-ப-பரமக்குடி”. ஓர் ஒலி நீண்டுகொண்டே போகலாம்: “ம்ம்ம்ம்மதுரை”. அல்லது ஒலியே பிறக்காமல் அடைத்துக்கொள்ளலாம். நகைச்சுவைக் காட்சிகளில் முதல் வடிவத்தை மட்டுமே காட்டுவதால் திக்குவாய் என்றால் அதுதான் என்று பலர் எண்ணுகிறார்கள். என் தோழனைக் கேட்டால் அடைப்புதான் கொடியது என்பான். அடைப்பு நேரும்போது உதடுகள் ‘ப’வுக்கு உரிய நிலையில் ஒட்டிக்கொள்கின்றன, உள்ளே காற்று முட்டுகிறது, கழுத்து நரம்பு புடைக்கிறது, ஒலி மட்டும் வருவதில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒன்றிரண்டு நொடி மௌனம். உள்ளே இருப்பவருக்கு மூடிய கதவை முழு உடம்பாலும் தள்ளுகிற வேலை. அந்த முயற்சியில் கண்ணைச் சிமிட்டுவது, தலையை வெட்டுவது, தொடையில் தட்டுவது போன்ற பழக்கங்கள் வந்து சேர்கின்றன. ஒருமுறை தொடையைத் தட்டியபோது தற்செயலாகச் சொல் வந்துவிட்டால் மறுமுறையும் கை தானாகவே தொடைக்குப் போகும். நாளடைவில் தட்டினாலும் சொல் வராத நிலை வந்துவிடும், தட்டுகிற பழக்கம் மட்டும் தங்கிவிடும்.

தடுமாறாமல் பேசுகிறவர் உலகத்தில் யாரும் இல்லை. “அது வந்து…”, “என்ன சொல்ல வந்தேன்னா…” என்று நாம் இழுப்பதெல்லாம் அடுத்த சொல்லை மனம் தேடுகிற இடைவெளி. திக்குபவர் சொல்லைத் தேடுவதில்லை. எந்தச் சொல், எந்த எழுத்து என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். அதனால்தான் எதிரில் இருப்பவர் உதவுகிற நினைப்பில் சொல்லை எடுத்துக் கொடுக்கும்போது அவருக்கு நன்றியைவிட எரிச்சலே மிகுதியாக வருகிறது. வரவே வராது என்று தெரிந்த சொல்லுக்கு மாற்றுச் சொல் போடுவதில் இவர்கள் வல்லவர்கள். ‘தண்ணீர்’ வராது என்றால் “குடிக்க ஏதாவது இருக்கா” என்று கேட்பார்கள். ‘பால்’ வராது என்றால் பிடிக்காத காப்பியை வாங்கிக் குடிப்பார்கள். மாற்றே இல்லாத சொல் ஒன்று உண்டு, அது சொந்தப் பெயர். தொலைபேசியில் “உங்க பேரு?” என்று கேட்டவுடன் பதில் வராவிட்டால், எதிர்முனையில் இருப்பவர் சிரித்துக்கொண்டே “பேரே மறந்துபோச்சா?” என்பார். அந்தச் சிரிப்பைத் தவிர்ப்பதற்காகவே தொலைபேசியை எடுக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள், மழலை மொழி சொற்றொடராக விரிகிற பருவத்தில் இது தொடங்குகிறது. நூறு குழந்தைகளில் ஐந்து பேராவது ஏதோ ஒரு கட்டத்தில் திக்குகிறார்கள். அவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு அது தானாகவோ சிகிச்சையாலோ நின்றுவிடுகிறது; வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் எஞ்சுகிறது. சிறு வயதில் ஆண் குழந்தைகளுக்கும் பெண் குழந்தைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடு தெரிவதில்லை. பெண் குழந்தைகள் மிகுதியாக மீண்டுவிடுவதால், பெரியவர்களில் திக்குபவர்களை எண்ணினால் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ நான்கு ஆண்கள் என்ற கணக்கு வருகிறது.

காரணம் எது என்பதில்தான் நம் வீடுகளில் கற்பனை மிகுதி. நாக்கு தடித்திருக்கிறது என்று வசம்பு உரசித் தடவுவார்கள், பக்கத்து வீட்டுப் பையனைப் பார்த்துப் பழகிக்கொண்டான் என்பார்கள், பயந்தாங்கொள்ளி என்பார்கள், ஒரே நேரத்தில் இரண்டு மொழி கற்றுக்கொடுத்ததால் வந்தது என்பார்கள். இவற்றில் எதுவும் காரணம் இல்லை. நாக்கின் மீது பழி போடுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல: 1841இல் பெர்லினைச் சேர்ந்த டீஃபன்பாக் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மயக்க மருந்து பழக்கத்துக்கு வராத அந்தக் காலத்தில், திக்குபவர்களின் நாக்கின் அடிப்பகுதியை வெட்டிச் சிகிச்சை செய்தார். நாக்கு பாவம், அது கட்டளைக்குக் காத்திருக்கும் ஊழியன்.

கட்டளை பிறக்கும் இடம் மூளை. ஒரு சொல்லைப் பேச மூச்சு, குரல்வளை, நாக்கு, தாடை, உதடு ஆகியவற்றின் தசைகள் நொடியின் சிறு சிறு பங்குகளில் ஒன்றன்பின் ஒன்றாக இயங்க வேண்டும். மூளையின் இடப்பக்கத்தில், ஒலியைக் கேட்டு உணரும் பகுதியையும் பேச்சசைவுகளைத் திட்டமிடும் பகுதியையும் இணைக்கும் நரம்பிழைக் கட்டு, திக்குபவர்களிடம் சற்று வேறுபட்டிருப்பதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன. அசைவுகளை எப்போது தொடங்க வேண்டும் என்று குறிப்புக் கொடுக்கும் ஆழ்மூளைப் பகுதிகளின் பங்கும் பேசப்படுகிறது. பரம்பரைத் தொடர்பும் உறுதியாகியிருக்கிறது: 2010இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்களைச் சேர்ந்த டென்னிஸ் டிரேனாவின் குழு, திக்குவாய் பரவலாக இருந்த பாகிஸ்தானியக் குடும்பங்களை ஆராய்ந்து, இதனுடன் தொடர்புள்ள மூன்று மரபணுக்களை அறிவித்தது. அச்சம் திக்கலைக் கூட்டும், ஆனால் தோற்றுவிப்பதில்லை. பயத்தால் திக்குகிறான் என்பதைவிட, திக்கித் திக்கி அவமானப்பட்டதால் பயப்படுகிறான் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

இந்த இடத்தில் ஒரு கசப்பான வரலாற்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. 1939இல் அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் வெண்டல் ஜான்சன் என்ற பேராசிரியரின் மேற்பார்வையில், மேரி டியூடர் என்ற மாணவி ஓர் அநாதை இல்லத்தின் 22 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு நடத்தினார். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த குழந்தைகள் சிலரிடம், நீங்கள் திக்குகிறீர்கள், திக்காமல் பேச முடியாவிட்டால் பேசாமலே இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது. ஜான்சனும் திக்குபவர், பெற்றோர் குறை சொல்வதால்தான் இயல்பான தடுமாற்றம் திக்குவாயாக மாறுகிறது என்று அவர் நம்பினார். அந்தக் குழந்தைகள் திக்குவாயர் ஆகிவிடவில்லை. ஆனால் வகுப்பில் வாய் திறக்கக் கூசும் பிள்ளைகளாக ஆனார்கள். பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2001இல்; மாநில அரசு இழப்பீடு கொடுக்க ஒப்புக்கொண்டது 2007இல்.

கூட்டத்தோடு சொன்னால் வருகிறது

எங்கள் பள்ளியில் காலையில் வாய்ப்பாடு சொல்லும் வழக்கம் இருந்தது. நாற்பது பிள்ளைகள் சேர்ந்து “ஈரொன்று ரெண்டு, ஈரிரண்டு நாலு” என்று இழுத்துப் பாடும்போது என் தோழனின் குரலும் தெளிவாகக் கேட்கும். அடுத்த நிமிடம் அவனைத் தனியாக எழுப்பிக் கேட்டால் முதல் எழுத்திலேயே நின்றுவிடுவான். “கூட்டத்தோட கத்தும்போது வருது, தனியாக் கேட்டா நடிக்கிறியா?” என்று ஆசிரியர் பிரம்பை எடுத்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அவர் கண்டது சரி, முடிவு கட்டியதுதான் தவறு. திக்குபவர்களில் மிகப் பெரும்பாலோர் பாடும்போது திக்குவதில்லை. பிறரோடு சேர்ந்து ஒரே குரலில் படிக்கும்போதும், தனியறையில் தமக்குத் தாமே பேசும்போதும், தாளத்துக்கு ஏற்ப ஒவ்வோர் அசையாகச் சொல்லும்போதும் திக்கல் மறைகிறது அல்லது வெகுவாகக் குறைகிறது. எப்போது தொடங்குவது என்ற குறிப்பை மூளை உள்ளிருந்து கொடுக்கத் தடுமாறும்போது, தாளமோ பிறர் குரலோ அந்தக் குறிப்பை வெளியிலிருந்து கொடுத்துவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. வாய்ப்பாட்டைத் தாளத்தோடு பாட வைத்த அந்தப் பள்ளி, தனக்குத் தெரியாமலே தினமும் அவனுக்குக் கால் மணி நேரம் விடுதலை கொடுத்துக்கொண்டிருந்தது.

இதன் மறுபக்கமும் சுவையானது. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெர்னார்ட் லீ என்ற அமெரிக்கர், ஒருவர் பேசுவதை ஒலிநாடாவில் பதிந்து, நொடியின் ஐந்தில் ஒரு பங்கு அளவு தாமதித்து, அவர் காதிலேயே ஒலிக்கச் செய்தார். சரளமாகப் பேசுகிறவர்கள் சொற்களை இழுத்தார்கள், அசைகளைத் திருப்பிச் சொன்னார்கள், திணறினார்கள். கைப்பேசியில் நம் குரலே எதிரொலியாகத் திரும்பி வரும்போது நாம் குழறுவதும் இதே காரணத்தால்தான். அதே தாமதம், ஏற்கெனவே திக்குபவர்கள் பலருக்குத் திக்கலைக் குறைக்கிறது. இதை வைத்துக் காதில் மாட்டும் கருவிகளும் வந்திருக்கின்றன.

திரையில் நடப்பது

திரையில் அசைவு என்று எதுவும் கிடையாது. ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட அசையாத படங்கள் அடுத்தடுத்துக் காட்டப்படுகின்றன. அசைவைக் கண்ணும் மூளையும் சேர்ந்து உண்டாக்கிக்கொள்கின்றன. சாதாரணக் கணினித் திரை நொடிக்கு 60 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, அதாவது ஏறத்தாழ 16.7 மில்லி நொடிக்கு ஒரு முறை. நிலையத்திலிருந்து 16.7 மில்லி நொடிக்கு ஒரு பேருந்து புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணினி ஒவ்வொரு படத்தையும் வரைந்து, பேருந்து புறப்படும் முன் ஏற்றிவிட வேண்டும். ஒரு படத்தை வரைய 16 மில்லி நொடி ஆனால் சிக்கலில்லை. 17 ஆகிவிட்டால் பேருந்து போய்விடும். தாமதம் அரை மில்லி நொடிகூட இல்லை, ஆனாலும் படம் அடுத்த பேருந்து வரும் 33.3ஆவது மில்லி நொடி வரை காத்துக்கிடக்க வேண்டும். அதுவரை பழைய படமே திரையில் நிற்கும். தயாரான படத்தையும் பேருந்து புறப்படும் நேரத்தில் மட்டுமே ஏற்ற வேண்டும் என்ற கட்டுப்பாட்டுக்கு வி-சிங்க் என்று பெயர். அதை நீக்கிவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் திரையின் மேல்பாதியில் ஒரு படமும் கீழ்பாதியில் வேறொரு படமும் என்று கிழிந்தாற்போலத் தெரியும்.

ஒரு நொடியில் 60 படங்கள் வந்திருந்தால் ஓட்டம் சீராக இருந்தது என்று முடிவு செய்துவிடக் கூடாது. 59 படங்கள் தலா 15 மில்லி நொடியில் தயாராகி, ஒரே ஒரு படம் 115 மில்லி நொடி எடுத்துக்கொண்டது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 885உம் 115உம் சேர்ந்து சரியாக ஆயிரம். சராசரி நொடிக்கு 60 என்றே காட்டும். கண் மட்டும் அந்த ஒரு படத்தில் தட்டுத்தடுமாறி நிற்கும். 2011இல் டெக் ரிப்போர்ட் இதழின் ஸ்காட் வாசன் ஒரு நொடிக்குள் ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்து எழுதிய பிறகே, கணினியில் படங்களை வரையும் கிராபிக்ஸ் கார்டுகளைச் சராசரியை மட்டும் வைத்து மதிப்பிடும் பழக்கம் ஆட்டம் கண்டது. ஆண்டு முழுவதும் சராசரியாக நல்ல மழை என்றாலும் நாற்று நட்ட வாரத்தில் பெய்யாவிட்டால் பயிர் கருகும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய செய்தி இல்லை.

இங்கே மூன்று கோளாறுகளைப் பிரித்துக்கொள்வது நல்லது. படங்களின் எண்ணிக்கையே குறைவாக, ஆனால் ஒரே சீராக வந்தால் அது வேகக் குறைவு. விசையை அழுத்தியதற்கும் திரையில் விளைவு தெரிவதற்கும் இடையே நேரம் பிடித்தால் அது லேக். படங்கள் சீரில்லாமல், சில உடனுக்குடனும் சில தாமதித்தும் வந்தால் அதுவே திக்கல். சீரான 30ஐக் கண் பொறுத்துக்கொள்ளும். 60இல் தொடங்கி இடையிடையே முட்டி நிற்கும் படத்தைப் பொறுத்துக்கொள்ளாது.

எப்போது திக்குகிறது என்பதைக் கவனித்தாலே ஏன் என்பது பாதி தெரிந்துவிடும். ஒரு விளையாட்டில் முதல் வெடிப்பு நிகழும்போது முட்டி நின்று, இரண்டாவது வெடிப்பின்போது சீராக ஓடினால், அது ஷேடர் எனப்படும் சிறு நிரல்களால் வருவது. படத்துக்கு ஒளியும் நிறமும் பூசச் சொல்லும் அந்த நிரல்களை ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டும் முதலில் தன் மொழிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்; அந்த மாற்றத்தைப் பந்தியில் ஆள் உட்கார்ந்த பிறகு அரிசி களைவதுபோல அந்த நொடியில் செய்தால் ஓட்டம் நிற்கத்தான் செய்யும். புதிய இடத்துக்குள் நுழையும்போதெல்லாம் தடுமாறினால், தரவுகளை எடுத்துத் தரும் வட்டு மெதுவானது அல்லது ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம் போதவில்லை என்று பொருள். இருபது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு திணறினால் சூடுதான் காரணம். கோடையில் மின்விசிறிக்குக் கீழே மெத்தைமேல் வைத்த மடிக்கணினி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல் முட்டினால் பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள் வேலை பார்க்கிறது. வேடிக்கை என்னவென்றால், திக்கலை அளக்க நிறுவிய கண்காணிப்பு மென்பொருளே சில சமயம் அந்த ஏதோ ஒன்றாக இருந்துவிடும்.

கைப்பேசியிலும் இதே கதைதான். தொடுவதற்குப் பதில் சொல்வது, திரையை வரைவது ஆகிய வேலைகளை ஒரு செயலியில் முதன்மை இழை எனப்படும் ஒரே ஆள்தான் கவனிக்கிறார். அதே ஆளிடம் பெரிய கோப்பைப் படிக்கும் வேலையையும் கொடுத்துவிட்டால், பரிமாறுபவரையே கல்லாவிலும் உட்காரவைத்த சிற்றுண்டிக் கடைபோல வரிசை நின்றுவிடும். ஆண்ட்ராய்டு இதைத் தன் பதிவேட்டில் எழுதியும் வைக்கிறது: 30 பிரேம்கள், அதாவது படங்கள், தவறிவிட்டன, செயலி தன் முதன்மை இழையில் மிகுதியாக வேலை செய்துகொண்டிருக்கலாம் என்று. நொடிக்கு 60 என்றால் 30 என்பது அரை நொடி. 2012இல் வெளியான ஆண்ட்ராய்டு 4.1இல், இந்தத் தடுமாற்றத்தைக் குறைப்பதற்கென்றே ‘வெண்ணெய்’ என்று பொருள்படும் பெயரில் கூகுள் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது.

எந்தப் பழுதும் இல்லாமல் திக்குகிற படங்களும் உண்டு. திரைப்படம் நொடிக்கு 24 படங்கள். திரை நொடிக்கு 60 புதுப்பிப்பு. அறுபதை இருபத்துநான்கால் வகுத்தால் இரண்டரை வருகிறது, அரைப் புதுப்பிப்பு என்று ஒன்று கிடையாது. ஆகவே ஒரு படம் மூன்று புதுப்பிப்புக்கும் அடுத்தது இரண்டு புதுப்பிப்புக்கும் என்று மாறி மாறி நிற்கிறது, அதாவது 50 மில்லி நொடி, 33.3, மறுபடி 50. கேமரா மெல்லப் பக்கவாட்டில் நகரும் காட்சியில், தென்னந்தோப்பு கடந்து போகும்போது மரங்கள் சிறு சிறு குதியாகத் தாவுவதை உற்றுப் பார்த்தால் காணலாம். நொடிக்கு 120 முறை புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் சரியாக ஐந்து புதுப்பிப்பு நின்றுவிடுவதால் இந்தத் தாவல் இல்லை.

திரைக் கோளாறுகளில் நாவின் திக்கலுக்கு மிக நெருங்கிய உறவு ஒலிக் கோளாறுதான். குறுந்தட்டு ஒலி நொடிக்கு 44,100 அளவீடுகளாகப் பதிந்திருக்கிறது. கணினி அவற்றைச் சிறு சிறு பாத்திரங்களில் மொண்டு ஒலிச் சில்லுக்குக் கொடுக்கிறது. 512 அளவீடு கொள்ளும் பாத்திரம் ஏறத்தாழ 11.6 மில்லி நொடிக்குப் போதும். அதற்குள் அடுத்த பாத்திரத்தை நிரப்பிக் கொடுக்காவிட்டால், சில அமைப்புகளில் ஒலி அறுந்து ‘டிக்’ என்று கேட்கும். சிலவற்றில் பழைய பாத்திரத்தில் இருந்ததே மறுபடியும் மறுபடியும் ஒலிக்கும். கணினி முழுவதுமாக உறைந்துபோகும்போது பாட்டின் ஒரு துணுக்கு ‘த-த-த-த-த’ என்று கேட்டுக்கொண்டே இருப்பது இதனால்தான். பரமக்குடிப் பேருந்தில் கேட்காமல் போன அந்த ‘ப-ப-ப’வுக்கு இதைவிடக் கிட்டத்தில் வரும் ஒலி எந்திர உலகில் இல்லை.

ஒப்புமை உடைகிற இடம்

கணினிக்கு வெட்கம் கிடையாது. நேற்று எல்லோர் முன்னாலும் முட்டி நின்றதை அது இன்று நினைத்துக்கொண்டிருப்பதில்லை. யார் பார்க்கிறார்கள் என்பதற்கேற்பத் திக்கலைக் கூட்டிக்கொள்வதும் இல்லை. மனிதரின் திக்கல் அப்படியில்லை. அமெரிக்க உளவியலாளர் ஜோசப் ஷீஹன் இதைப் பனிப்பாறையோடு ஒப்பிட்டார்: காதில் விழும் திக்கல் நீருக்கு மேலே தெரியும் சிறு நுனி, அடியில் இருப்பவை அச்சம், கூச்சம், தவிர்ப்பு. என் தோழன் பரமக்குடியில் இறங்கிய அன்று ஒருமுறைகூடத் திக்கவில்லை. பார்த்தவர்கள் அவனைச் சரளமாகப் பேசுகிறவன் என்றே எழுதியிருப்பார்கள்.

ஆகவே சீர்செய்யும் வழிகளும் ஓரளவுக்கு மேல் ஒத்துப்போவதில்லை. திரையில் வேலை எளிது. 60ஐ எட்டிப் பிடிக்க முடியாமல் தள்ளாடும் விளையாட்டை, 120 ஹெர்ட்ஸ் திரையில் 40 என்று கட்டிப்போட்டால் ஒவ்வொரு படமும் சரியாக 25 மில்லி நொடி நின்று, ஓட்டம் சீராகிவிடும். 2013க்குப் பிறகு ஜி-சிங்க், ஃபிரீசிங்க் என்ற பெயர்களில் வந்த திரைகளில் பேருந்தே படத்துக்காகச் சற்று நின்று புறப்படுகிறது.

“மெதுவாப் பேசு தம்பி, மூச்சை இழுத்து விட்டுப் பேசு” என்று சொல்வதும் அந்த 40 போலத்தானே என்று தோன்றலாம். பயிற்சியாளரோடு அமர்ந்து, அசைகளை நீட்டி, குரலை மென்மையாகத் தொடங்கிப் பேசக் கற்றுக்கொள்வது பலருக்கு உண்மையிலேயே பலன் தருகிறது. ஆனால் நடுத்தெருவில் பிறர் கொடுக்கும் கட்டளை, நீ திக்கியதை நான் கவனித்துவிட்டேன் என்ற அறிவிப்பாக மட்டுமே போய்ச் சேர்கிறது. சிறு குழந்தையிடம், அதை மெதுவாகப் பேசச் சொல்வதைவிட நாம் மெதுவாகப் பேசுவது பயன் தரும். ஆஸ்திரேலியாவில் உருவான லிட்கோம் முறை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சியாளரின் வழிகாட்டலில் பெற்றோரே வீட்டில் கொடுக்கும் பயிற்சி. சரளமாக வந்த பேச்சைப் பாராட்டுவதே அதில் பெரும்பங்கு. வளர்ந்தவர்களுக்கு அமெரிக்கப் பேச்சுச் சிகிச்சை வல்லுநர் சார்லஸ் வான் ரைப்பர் வகுத்த வழி வேறு திசையில் போகிறது. திக்காமல் பேச முயல வேண்டாம், திக்கும்போது முறுக்கிக்கொள்ளாமல் இலகுவாகத் திக்கி வெளியே வரக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் அவர். தாமும் திக்குபவராக இருந்து சொன்னதால் அந்த அறிவுரைக்குக் கூடுதல் எடை உண்டு என்று நினைக்கிறேன். இங்கிலாந்தின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1926 முதல் லயனல் லோக் என்ற ஆஸ்திரேலியரிடம் பயிற்சி பெற்றார். 1939 செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்புக்குப் பின் நாட்டுக்கு வானொலியில் பேசியபோதும் லோக் அவர் பக்கத்தில்தான் இருந்தார். மன்னரின் திக்கல் மறைந்துவிடவில்லை, பேச்சு நடந்தது.

குழந்தையின் திக்கல் ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இருந்தாலோ, பேசும்போது குழந்தை முகத்தைச் சுளித்துப் போராடினாலோ, தானாகப் போய்விடும் என்று காத்திராமல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுவது நல்லது. மைசூரில் உள்ள அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் 1965இலிருந்து இந்தத் துறையில் பயிற்சியாளர்களை உருவாக்கி வருகிறது. பெரிய மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டாலும் வழிகாட்டுவார்கள். இதுவரை நன்றாகப் பேசிவந்த பெரியவருக்குத் திடீரென்று நாக் குழறினாலோ திக்கினாலோ கதையே வேறு. அது பக்கவாதத்தின் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் அன்றே, அப்போதே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு திக்கலும் ஒரே சட்டகத்துக்குள் வந்து நின்று குழப்புகிற இடம் ஒன்று இப்போது எல்லோர் மேசையிலும் இருக்கிறது. காணொளி அழைப்பில் குரல் பெரும்பாலும் 20 மில்லி நொடித் துண்டுகளாகப் பயணப்படுகிறது. துண்டுகள் முன்பின்னாக வந்தாலும் சீராக ஒலிக்கட்டும் என்று மறுமுனை அவற்றைச் சிறிது நேரம் சேர்த்து வைத்து வெளியிடுகிறது. அந்தச் சேமிப்பு தீர்ந்துபோனால் குரல் வெட்டுப்படும் அல்லது நின்றுவிடும். என் தோழன் இப்போது ஒரு நிறுவனத்தில் மென்பொருள் சோதிப்பவனாக இருக்கிறான். வாரக் கூட்டத்தில் அவன் முறை வரும்போது ஓர் அடைப்பு நேர்ந்தால், “உங்க நெட்வொர்க் சரியில்ல போல, வீடியோவை ஆஃப் பண்ணிட்டுப் பேசுங்க” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். அடுத்த ஆள் பேசத் தொடங்கிவிடுவார். அவனும் சில நாட்கள் “ஆமா, நெட்வொர்க்தான்” என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருக்கிறான். ராமநாதபுரம் சீட்டு வாங்கியதைப்போல இதுவும் ஒரு விலைதான்.

வேறுபாட்டைக் கண்டுகொள்வது அப்படியொன்றும் கடினமில்லை. இணைப்பு நின்றுபோனால் முகமும் நின்றுபோகும். இமை பாதி மூடியபடி, கை பாதி தூக்கியபடி படம் உறைந்திருக்கும். அடைப்பின்போது குரல் மட்டும்தான் நிற்கும். இமை துடிக்கும், உதடு ஒட்டியிருக்கும், தோளுக்குப் பின்னால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும்.